ஆசிரியர் சம்பளம்தான் கல்விச் செலவு

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒரு வாதம் தவறாமல் தலைதூக்கும். நிதியமைச்சர் சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கையை வாசித்து முடித்த மறுநாளே தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளிதழ்க் கட்டுரைகளிலும் டீக்கடைப் பேச்சிலும் அதைக் கேட்கலாம். பள்ளிக் கல்விக்கு அரசு கொட்டும் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கே போய்விடுகிறது. ரூபாயில் எண்பது காசை அவர்களே வாங்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளோ குறைந்துகொண்டே வருகிறார்கள். தனியார் பள்ளி இதைவிடக் குறைந்த செலவில் நடக்கிறது. ஆகவே பணியிடங்களைக் குறைக்க வேண்டும், சின்னப் பள்ளிகளை இணைக்க வேண்டும், மிச்சப்படும் பணத்தில் ஸ்மார்ட் வகுப்பறை அமைக்க வேண்டும். இதுதான் அந்த வாதம்.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கல்விக்கு எதிரிகள் என்று நான் சொல்ல மாட்டேன். வரி கட்டுகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது. அது வெறும் பேச்சோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக மறுக்க வேண்டியிருக்காது. கோட்டையில் கோப்பு எழுதுகிறவர்களும் அதை நம்பத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

முதலில், அரசு உண்மையிலேயே கொட்டுகிறதா என்று பார்ப்போம். 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ₹46,767 கோடியும் உயர்கல்வித் துறைக்கு ₹8,494 கோடியும் ஒதுக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்தால் ₹55,261 கோடி. தனியாகப் பார்த்தால் பெரிய தொகைதான். அதே ஆண்டில் கடனுக்கு வட்டியாக மட்டும் மாநிலம் ₹70,000 கோடிக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெரிய தொகையின் அளவு புரியும்.

தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதே என்பார்கள். ஏறத்தான் செய்கிறது. 2021-22 திருத்திய நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ₹32,599 கோடி. 2024-25-ல் ₹44,042 கோடி. மூன்றே ஆண்டுகளில் 35 விழுக்காடு உயர்வு. ஆனால் அதே காலத்தில் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு சுமார் ₹20.7 லட்சம் கோடியிலிருந்து ₹31 லட்சம் கோடியைத் தாண்டியது. ஏறத்தாழ 50 விழுக்காடு வளர்ச்சி. மாநிலத்தின் செல்வத்தில் பள்ளிக் கல்வித் துறையின் பங்கு சுமார் 1.57 விழுக்காட்டிலிருந்து 1.41 விழுக்காடாகச் சுருங்கியிருக்கிறது. ரூபாய்க் கணக்கில் ஏறி, பங்குக் கணக்கில் இறங்கிய ஒதுக்கீடு இது. சத்துணவு சமூக நலத் துறையிலும், மருத்துவக் கல்லூரிகள் சுகாதாரத் துறையிலும், மாணவர் விடுதிகள் பல நலத்துறைகளிலும் இருக்கின்றன. அவற்றையும் கூட்டினால் பங்கு சற்று உயரும். ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து தேச வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று கோத்தாரி குழு 1966-ல் சொன்னது. அதன் பின் வந்த ஒவ்வொரு தேசியக் கல்விக் கொள்கையும் அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னது. எட்டியதாக ஒரு கணக்கும் இல்லை. பணம் கொட்டிக் கிடக்கிறது, ஆசிரியர்கள் அள்ளிப் போகிறார்கள் என்ற சித்திரம் முதல் படியிலேயே கலைந்துவிடுகிறது.

அடுத்தது சம்பளம். ஒதுக்கீட்டில் பெரும்பங்கு சம்பளம்தான்; இதை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. சாலைத் துறை தாரும் ஜல்லியும் வாங்குகிறது, மின்வாரியம் நிலக்கரி வாங்குகிறது. பள்ளி எதை வாங்கும்? எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுக்குகிறது என்று பார்த்து, மறுபடி சொல்லிக்கொடுக்கும் ஒரு மனிதரின் நேரத்தைத்தான் அது வாங்குகிறது. அந்த நேரத்துக்குக் கொடுக்கும் விலைதான் சம்பளம். காவல் துறையின் ஒதுக்கீட்டிலும் நீதித் துறையின் ஒதுக்கீட்டிலும் சம்பளமே முதன்மைச் செலவு. காவலர்களைக் குறைத்துவிட்டு மிச்சப் பணத்தில் காவல் நிலையத்துக்குப் பெரிய திரை வாங்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி என்று வரும்போது மட்டும் அந்தக் கேள்வி அறிவார்ந்த யோசனையாகிவிடுகிறது.

சம்பளத்தைப் பழிக்கிறவர்கள் ஓர் ஈராசிரியர் பள்ளியின் ஒரு நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் மூன்று வகுப்புகளையும் மற்றவர் இரண்டு வகுப்புகளையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது. எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவதும், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் பாடநூலும் சீருடையும் எடுத்துவருவதும், கூட்டங்களுக்குப் போவதும் தலைமையாசிரியர் வேலை. வாக்காளர் பட்டியல் வேலையும் பல நேரம் ஆசிரியர்கள் தலையில் விழும். அப்படிப்பட்ட நாளில் ஐந்து வகுப்புக்கும் ஓர் ஆசிரியர்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரியவில்லை என்று அசர் போன்ற ஆய்வறிக்கைகள் சொல்லும்போது நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். அந்த வலிக்கு மருந்து முதல் மூன்று வகுப்புகளுக்குக் கூடுதல் ஆசிரியர் என்பதாகத்தான் இருக்க முடியும். அதே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளச் செலவைக் குறை என்பது, மருத்துவரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையை மூடச் சொல்வதற்குச் சமம்.

பாடமே நடத்தாத ஆசிரியர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்கவும் நடவடிக்கை எடுக்கவும் துறைக்கு அதிகாரம் இருக்கிறது; பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் குரல் இருக்கிறது. இரண்டையும் உறுதியாகப் பயன்படுத்த வேண்டும். ஆனால் பணியில் இருக்கிற ஆளிடம்தான் பொறுப்புக் கேட்க முடியும். காலிப் பணியிடத்தை எந்தக் கல்வி அலுவலர் விசாரிப்பார்?

சம்பளச் செலவைக் குறைப்பது இனிமேல் செய்ய வேண்டிய புதிய யோசனையும் இல்லை. தமிழ்நாடு ஏற்கெனவே அதைச் செய்து பார்த்துவிட்டது. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் ₹8,370. மறுநாள், ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு ₹5,200. படிப்பும் வகுப்பும் வேலையும் ஒன்றே. வேறுபாடு ஒரு தேதி மட்டும். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அவர்கள் சென்னையில் மீண்டும் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் கற்பிக்கச் சுமார் 16,000 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் ₹5,000-க்கு எடுக்கப்பட்டார்கள். அந்தத் தொகுப்பூதியம் ₹12,500-ஐத் தொட 2024 ஆகிவிட்டது. மே மாதச் சம்பளத்துக்காகக்கூட அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலிப் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப ஆணை வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு ₹7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ₹10,000, முதுகலை ஆசிரியருக்கு ₹12,000 என்று தொகை குறிக்கப்பட்டது. பட்டமும் பி.எட்.டும் முடித்துத் தகுதித் தேர்வு எழுதிய ஒருவரின் மாத வருமானம் அது. சிக்கனத்தை விரும்புகிறவர்கள் இதைவிட இன்னும் எவ்வளவு கீழே போகச் சொல்கிறார்கள்?

கல்லூரிகளிலும் இதே கதைதான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளைக் காப்பாற்றிவருபவர்கள் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டமோ நெட், செட் தேர்ச்சியோ பெற்றவர்கள் அவர்களில் ஏராளம். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் ₹50,000 வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே வழிகாட்டியது. 2025-லும் தமிழ்நாட்டில் அது ₹25,000-ஆகவே இருந்தது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் ₹57,700. பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில் ஒரே பாடத்திட்டத்தை நடத்தும் இருவருக்கு இடையே இவ்வளவு பெரிய பள்ளம். 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது, தேர்வு தள்ளிப்போனது. தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் அரசுக்குச் சம்பளம் மிச்சம்தான். அந்த மிச்சம் யாருடைய வயிற்றிலிருந்து, யாருடைய வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நிதிநிலை அறிக்கையின் எந்தப் பக்கமும் சொல்லாது.

பிள்ளைகள் குறைகிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பிறப்பு விகிதம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்லும் மாநிலத்தில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாப் பள்ளிகளிலுமே இறங்கத்தான் செய்யும். மற்றது, அரசே திறந்துவிட்ட வாசல். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.யிலேயே சேர்கிறார்கள், கட்டணத்தை அரசு கட்டுகிறது. பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளிலோ எல்.கே.ஜி. கிடையாது. முதல் வகுப்பு வரும்வரை காத்திருக்கும் பள்ளிக்குப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியே ஆசிரியர் நியமிக்காமல், தொடக்கப் பள்ளிகளில் உபரி என்று கணக்குக் காட்டப்பட்டவர்களை அங்கே அனுப்பினார்கள். 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் ஆள் பற்றாமல் போனபோது அவர்களைத் திரும்ப அழைத்து, மழலையர் வகுப்புகளை நிறுத்தப்போவதாகத் துறை அறிவித்தது. பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்த பிறகு ₹5,000 மாத ஊதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்து நடத்துவது என்று முடிவானது. பணம் ஒதுக்காமல் தொடங்கி, ஆள் இல்லாமல் தள்ளாடி, மூடுவோம் என்று சொல்லி, அரைகுறையாகத் தொடர்வது. பிறகு அரசுப் பள்ளியை மக்கள் நம்பவில்லை என்று புலம்புவது. பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறிப் போவதற்கு ஆங்கில மோகம் மட்டும் காரணமில்லை. தெருக்கோடிப் பள்ளியில் தன் பிள்ளைக்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார் என்ற உறுதி தாய்க்குக் கிடைக்கவில்லை. அந்த உறுதியைச் சம்பளம் கொடுத்துத்தான் வாங்க முடியும்.

தனியார் பள்ளி குறைந்த செலவில் நடத்துகிறதே என்பார்கள். குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளின் செலவு எப்படிக் குறைகிறது என்பது அங்கே வேலை பார்க்கும் இளம் பெண்களைக் கேட்டால் தெரியும். அவர்களுடைய சம்பளச் சீட்டில்தான் அந்தச் சிக்கனத்தின் முழு இரகசியமும் இருக்கிறது. வேன் கட்டணம், நோட்டு, சீருடை, மாலை டியூஷன் எல்லாம் பெற்றோர் தலையில். பள்ளியின் செலவுக் கணக்கில் அவை வருவதில்லை. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் இருபது பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்த வேண்டிய கடமை எந்தத் தனியாருக்கும் இல்லை. அரசுக்கு இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதி. அந்த இருபது பிள்ளைகளின் பள்ளியில் தலைக்கு ஆகும் செலவு அதிகமாகத்தான் தெரியும். மலையில் பிறந்ததற்காக ஒரு பிள்ளையைச் செலவு என்று எழுதித் தள்ளிவிடும் கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

பணமில்லை என்ற வாதம் இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. இருக்கும் ஆசிரியர்களையே இரண்டு வேளையாகப் பயன்படுத்தி இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற நிதிச் சிக்கனமும் அதன் நியாயங்களில் ஒன்று. குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954-ல் காமராசர் ஆட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, எதிர்த் திசையில் நடந்தது. ஊர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் ஆசிரியர், 1956 முதல் மதிய உணவு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் கஜானா தாங்காது என்றார்கள். 2022-ல் காலை உணவு வந்தபோதும் சொன்னார்கள். கஜானா தாங்கியது, பிள்ளைகள் படித்தார்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்த இடைவெளி, பணமில்லை என்ற குரலை மீறிச் செலவழித்த தலைமுறைகள் நமக்குச் சேர்த்துவைத்த சொத்து.

அந்தச் சொத்து இப்போது எங்கே கரைகிறது என்பதைப் பல்கலைக்கழகங்கள் காட்டுகின்றன. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது; கேட்கப்பட்ட வரி ₹424 கோடி. பல்கலைக்கழகத்தின் நிதியில் மாநில அரசின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டதால் அதை அரசு நிதியில் இயங்கும் நிறுவனமாகக் கருத முடியாது என்பது வரித்துறையின் வாதம். அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டதற்குப் பல்கலைக்கழகம் அபராதம் கட்ட வேண்டிய நிலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் வாயில் கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்கள் தாங்களே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். எதில் சம்பாதிக்கும்? தேர்வுக் கட்டணத்தில், இணைப்புக் கட்டணத்தில், தொலைதூரக் கல்வியில். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவியின் பையிலிருந்துதான் அந்தச் சம்பாத்தியம் வர வேண்டும். நிர்வாகச் சீர்கேடும் முறைகேடான நியமனங்களும் இந்தப் பல்கலைக்கழகங்களைச் சீரழித்தது உண்மை. தவறு செய்தவர்களைத் தண்டியுங்கள். அவர்கள் செய்த தவறுக்கு ஆய்வு மாணவர்களின் நிதியை நிறுத்துவது நீதி ஆகாது.

பணம் வராமல் போனால் முதலில் எது அடிபடும் என்பதை 2024-25 இன்னொரு வழியிலும் காட்டியது. ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காகச் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் ₹2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. 1976-ல் நாற்பத்திரண்டாவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியதன் பலனை நாம் இப்படி அனுபவிக்கிறோம். சிறப்பாசிரியர்கள், வட்டார வளமைய ஊழியர்கள், பகுதிநேர ஆசிரியர்கள் எல்லாரும் அந்த நிதியோடு பிணைக்கப்பட்டவர்கள். மாநிலம் சொந்த நிதியிலிருந்து ஈடுகட்டியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. சம்பளம் வெறும் சுமை என்றால், இந்தப் பணம் நின்றதில் யாருக்கும் நட்டம் இருந்திருக்கக் கூடாது. ஆனால் மாற்றுத்திறன் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தரும் ஆசிரியரின் ஊதியமே கேள்விக்குறியானது.

இங்கேதான் சட்டமன்ற உறுப்பினர்களின் கடமை வருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 203-ஆம் பிரிவின்படி மானியக் கோரிக்கையைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. ஆகவே இன்னும் ஆயிரம் கோடி கொடுங்கள் என்று பேசுவதால் பலன் குறைவு. ஒதுக்கிய பணம் ஆளாக மாறியதா என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது. பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை எண் 43. உயர்கல்வி எண் 20. அந்த இரண்டு நாள்களிலும் பேரவையில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எளியவை. என் தொகுதியில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரந்தரமாக நிரம்பியவை எத்தனை, தற்காலிக ஊழியர் இருப்பவை எத்தனை, காலியானவை எத்தனை? சென்ற ஆண்டு ஒதுக்கியதில் செலவாகாமல் திரும்பியது எவ்வளவு, அதில் நிரப்பாத பணியிடங்களால் மிஞ்சியது எவ்வளவு? இந்த விவரங்கள் மாவட்டவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பிலேயே அச்சாக வேண்டும். ஐந்து வகுப்புள்ள எந்தத் தொடக்கப் பள்ளியும் மூன்று ஆசிரியருக்குக் குறையாமல் இயங்க வேண்டும். சட்டம் சொல்லும் இரண்டு என்பது கீழெல்லை, அதற்கு மேல் போக எந்தத் தடையும் இல்லை. மழலையர் வகுப்புக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன ஊதியம் வேண்டும். பல்கலைக்கழக மானியம், அதிகாரிகளின் மனநிலைக்கு ஏற்ப ஏறி இறங்காமல், சம்பளமும் ஓய்வூதியமும் அடங்கிய சூத்திரப்படி வர வேண்டும்.

வாசகரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த மார்ச்சில் யாராவது உங்களிடம் ஆசிரியர் சம்பளமே கல்விப் பணத்தைத் தின்றுவிடுகிறது என்று சொன்னால், உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த எண்ணைத் தீர்மானமாக எழுதவையுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். ஆசிரியருக்குக் கொடுக்க மறுக்கும் சம்பளம், பிள்ளைக்குக் கொடுக்க மறுக்கும் கல்வி.